படுக்கையருகே ஓர் இசைக்கூடம்

டேப்லெட் என்றதும் இவ்விதழின் வாசகர்களுக்கு மாத்திரையே முதலில் நினைவுக்கு வரும். நாங்கள் இங்கே கூறவிருப்பது, வீட்டில் பிள்ளைகள் பாடம் படிக்கவும் படம் பார்க்கவும் பயன்படுத்தும் தொடுதிரைக் கணினியைப் பற்றி. நீண்ட நாட்கள் வீட்டில் ஓய்வெடுக்க வேண்டிய ஒருவர், இசைப்பயிற்சி ஏதுமின்றி, அக்கருவியைக் கொண்டு தமக்கென ஒரு சூழலிசையை ஆக்கிக்கொள்ள இயலும்.

சூழலிசை என்பது பாடல் வரிகளையும் தாளக்கட்டையும் முன்னிறுத்தாத இசை. நீண்டொலிக்கும் சில சுரங்களும், அவற்றிடையே நிறைந்த இடைவெளியும் கொண்டது. அதை ஊன்றிக் கேட்கலாம். கேளாமல் உறங்கியும் போகலாம்.

அன்பு மிகுந்த ஓசை

இதை எழுதத் தூண்டியவர்கள் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்த ஒரு தாயும் மகனும். அவர்களது இசைவுடன், அடையாளம் தவிர்த்துக் கூறுகிறோம். தாய்க்கு இருபத்தொரு நாட்களுக்கு ஒருமுறை கீமோதெரபி சிகிச்சை. அம்மாவுக்கு மனம் தளரக்கூடாது என்று மகன் காலை முதல் இரவு வரை பக்திப் பாடல்களை ஒலிக்க விட்டிருந்தார். ஒரு நாள், ஊசி செலுத்த வந்த செவிலியரிடம் அந்த அம்மையார் மெல்லச் சொன்னார்: “வீட்டுக்குப் போனா காதுக்கு ஓய்வே இல்ல சிஸ்டர். புள்ள ஆசையா போடுது, வேணாம்னு சொல்ல மனசு வரல.”

நோயுற்றவர் எப்போது உண்பது, எப்போது மருந்து எடுப்பது, யார் வந்து பார்ப்பது என அனைத்தையும் பிறரே முடிவு செய்யும் காலம் அது. தம் காதில் எது விழ வேண்டும் என்பதையும் பிறரே முடிவு செய்துவிடுகிறார்கள் என்பதை நாங்கள் அன்றுதான் உணர்ந்தோம். அந்த மகனிடம், டேப்லெட்டை அம்மாவின் கையிலேயே கொடுத்துப் பாருங்கள் என்றோம்.

படுக்கையில் பிறந்த ஒரு மரபு

இவ்வகை இசையின் வரலாற்றிலும் ஒரு நோய்ப்படுக்கை உண்டு. 1975-ஆம் ஆண்டு தொடக்கத்தில் இங்கிலாந்தைச் சேர்ந்த இசைக்கலைஞர் பிரையன் ஈனோ ஒரு விபத்தில் காயமுற்று, அசைய இயலாது படுத்திருந்தார். பார்க்க வந்த தோழி ஒருவர், பதினெட்டாம் நூற்றாண்டின் யாழிசை அடங்கிய இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்துச் சென்றார். அவர் போன பின் ஈனோ மிகுந்த சிரமத்துடன் எழுந்து அதை ஒலிக்கச் செய்து மீண்டும் படுத்தார். படுத்த பிறகுதான் ஒலி மிகக் குறைவாக இருப்பதும், ஒலிபெருக்கிகளில் ஒரு பக்கம் இயங்கவில்லை என்பதும் தெரிந்தது. மறுபடி எழ அவரிடம் வலுவில்லை. வெளியே பெய்த மழையின் ஓசைக்கு அடியில் யாழின் சில சுரங்கள் மட்டும் அவ்வப்போது தெரிந்து மறைந்தன. அறையின் ஒளியையும் மழையையும் போல இசையும் சூழலின் ஒரு பகுதியாக இருக்கலாம் என்பது அப்போது தமக்கு விளங்கியதாக அவர் பின்னர் எழுதினார். அவ்வாண்டே ‘டிஸ்க்ரீட் மியூசிக்’ வெளிவந்தது. பின்னர் ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ என்னும் தொகுப்பின் வழியே ‘ஆம்பியன்ட்’ என்ற பெயர் நிலைபெற்றது.

ஜப்பானிய இசையமைப்பாளர் ரியூய்ச்சி சகமோட்டோ, புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த காலத்தில், நாட்குறிப்பு எழுதுவதுபோல் சிறுசிறு இசைப்பதிவுகளைச் செய்துவந்தார். அவற்றுள் பன்னிரண்டைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் அது பதிவான தேதியையே தலைப்பாக இட்டு, ‘12’ என்ற பெயரில் 2023 ஜனவரியில் வெளியிட்டார். அவ்வாண்டு மார்ச் மாதம் அவர் மறைந்தார். உடல் இடம் கொடுத்த நாளில் சில நிமிடம் வாசித்தாலும் அந்த நாளுக்கு அது போதுமானது என்பதற்கு அத்தொகுப்பு ஒரு சான்று.

ஏழு நிமிட இசை: எளிய செய்முறை

ஐபேட் வைத்திருப்போர் கராஜ்பேண்ட் செயலியையும், ஆண்ட்ராய்டு வைத்திருப்போர் பேண்ட்லேப் செயலியையும் கட்டணமின்றிப் பெறலாம். புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

முதலில் டெம்போவை 60 என அமையுங்கள். செயலி காலத்தை ‘பார்’ என்னும் கட்டங்களாகப் பிரித்துக் காட்டும். பாருக்கு நான்கு தட்டு என்ற வழக்கமான அமைப்பில், ஒரு பார் நான்கு நொடி நீளும். கராஜ்பேண்டில் ஒரு பகுதியின் நீளம் தொடக்கத்தில் எட்டு பார் மட்டுமே இருக்கும். அதை 105 பாராக மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து, திரையில் தோன்றும் கீபோர்டில் மென்மையாக எழுந்து மெதுவாக அடங்கும் ஒலி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கறுப்புக் கட்டைகளை மட்டும் தொடுங்கள். மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தில் இடப்புற முதற்கட்டையை ஸட்ஜமாகக் கொண்டால், ஐந்து கறுப்புக் கட்டைகளும் மோகன இராகத்தின் ஸ, ரி, க, ப, த ஆகிவிடும். இவற்றுள் எதனுடன் எது சேர்ந்து ஒலித்தாலும் காதைக் குத்தாது. ஆகையால் பிழை நேருமோ என்ற அச்சம் வேண்டா.

இனி மூன்று பதிவுகள் செய்யுங்கள். முதலாவது 3 பார் நீளம், இரண்டாவது 5 பார், மூன்றாவது 7 பார். ஒவ்வொன்றிலும் ஓரிரு சுரங்கள் மட்டும் போதும். எஞ்சிய நேரம் மௌனமாக இருக்கட்டும். மூன்றையும் தனித்தனி டிராக்குகளில் வைத்து, லூப் ஆக, அதாவது தாமே திரும்பத் திரும்ப ஒலிக்குமாறு, அமையுங்கள். அவை 12, 20, 28 நொடிகளுக்கு ஒருமுறை திரும்பிவரும். மூன்றும் மீண்டும் ஒரே கணத்தில் தொடங்க 105 பார், அதாவது சரியாக ஏழு நிமிடம் ஆகும். அதுவரை சுரங்கள் ஒன்றையொன்று சந்திக்கும் விதம் மாறிக்கொண்டே இருக்கும். ஈனோ ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ தொகுப்பில் வெவ்வேறு நீளமுள்ள ஒலிநாடா வளையங்களைச் சுழலவிட்டுக் கையாண்ட முறையும் இதுவே.

கலவை

கலவை என்பது எந்த ஒலி அருகில், எந்த ஒலி தொலைவில் என்று தீர்மானிப்பது. ஒரு டிராக்கின் ஒலியளவைக் குறைத்து ‘ரிவெர்ப்’ அளவைக் கூட்டினால் அது அறையின் மறுகோடிக்குச் சென்றதுபோல் தோன்றும். மூன்றில் ஒன்றை மட்டும் அருகில் வைத்து, மற்ற இரண்டைத் தள்ளி வையுங்கள்.

டேப்லெட்டின் சிறிய ஒலிபெருக்கியில் தாழ்ந்த சுரங்கள் ஏறக்குறைய மறைந்துவிடும். ஹெட்போனில் அவையே ஓங்கித் தெரியும். எதில் கேட்கப்போகிறீர்களோ அதிலேயே கேட்டுச் சரிசெய்யுங்கள். ஒரு காதில் கேட்கும் திறன் குறைந்தவர்கள், ஒலிகளை இடம் வலமாகப் பிரிக்காமல் நடுவிலேயே வைப்பது நன்று; இல்லையேல் பாதி இசை அவர்களை எட்டாது. புளூடூத் ஹெட்போனில் தொடுதலுக்கும் ஒலிக்கும் இடையே தாமதம் நேரும். பதிவு செய்யும்போது வயருள்ள ஹெட்போனோ டேப்லெட்டின் ஒலிபெருக்கியோ போதும்.

முடிவில் ஒலி சட்டென்று நின்றால் கண் அயர்ந்தவர் விழித்துவிடுவார். இறுதி அரை நிமிடத்தில் படிப்படியாகக் குறைந்து அடங்கட்டும்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

இசை சிகிச்சைக்கு மாற்றாகாது. வலியோ உறக்கமின்மையோ தொடர்ந்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

சிஸ்பிளாட்டின் போன்ற சில புற்றுநோய் மருந்துகளும், அமினோகிளைகோசைடு வகை நுண்ணுயிர்க்கொல்லிகளும் செவித்திறனைப் பாதிக்கக்கூடும். காதில் இரைச்சல் கேட்டாலோ, கேட்கும் திறன் குறைந்ததாகத் தோன்றினாலோ காலந்தாழ்த்தாமல் கூறுங்கள்.

வீட்டில் ஆக்சிஜன் கருவி, டயாலிசிஸ் கருவி முதலியவை இயங்கும்போது நோயாளியும் பராமரிப்பவரும் ஒரே நேரத்தில் ஹெட்போன் அணியலாகாது. எச்சரிக்கை மணி எப்போதும் ஒருவர் காதிலாவது விழ வேண்டும்.

ஊசிக்குழாய் பொருத்திய கையில் டேப்லெட்டைத் தாங்க வேண்டா. தலையணை மீதோ உணவு மேசை மீதோ சாய்த்து வைத்து, மற்றொரு கையால் தொடுங்கள். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும். களைப்பு வந்தால் அப்படியே விட்டுவிட்டு, பதிவு சேமிக்கப்பட்டுள்ளதா என்று மட்டும் பாருங்கள். நாளை விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

நிறுத்தும் உரிமை

அந்த அம்மையார் நான்கு நாட்களில் தம் முதல் இசையை முடித்தார். சிகிச்சைக்கு அடுத்த இரு நாட்கள் தொடவேயில்லை. மூன்றாம் நாள் வீட்டுத் தையல் இயந்திரத்தை மகனை ஓட்டச் சொல்லி அந்த ஓசையையும் பதிவு செய்தார். அது அவர் முப்பது ஆண்டுகள் தொழில் செய்த இயந்திரம். சிகிச்சை தொடங்கிய பின் மூடியே கிடந்தது. கலவையில் அதை மிகத் தொலைவில் வைத்திருந்தார். கூர்ந்து கேட்டாலன்றித் தெரியாது.

அடுத்த முறை வந்தபோது மகன் எங்களிடம் சொன்னார்: “இப்போ பாதி நாள் வீட்ல எதுவும் ஓடுறதில்ல. போடட்டுமாம்மான்னு கேப்பேன். வேணும்னா அவங்களே போட்டுக்குவாங்க.”

பராமரிக்கும் அன்பர்களுக்கு நாங்கள் கூற விரும்புவதும் இதுவே. இசையைச் செய்து கொடுங்கள், அல்லது செய்ய உதவுங்கள். ஒலிக்கவிடும் முன் ஒருமுறை கேளுங்கள். ஒலியைக் குறைக்கும் பொத்தானும் நிறுத்தும் பொத்தானும் நோயுற்றவரின் கைக்கெட்டும் தொலைவில் இருக்கட்டும்.