கோடியக்கரைக்குக் காரில் செல்லுமுன்: நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளோர் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தங்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் வசிக்கும் நமக்கு மருத்துவமனையும் மருந்துக் கடையும் எப்போதும் அருகிலேயே உள்ளன. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கோடியக்கரைக்குப் புறப்படும்போது இந்த நிலை சிறிது சிறிதாக மாறுகிறது. நாகப்பட்டினம் வரை பெரிய ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. வேளாங்கண்ணியைக் கடந்தபின் ஊர்களுக்கிடையே இடைவெளி கூடுகிறது. வேதாரண்யத்துக்கு அப்பால் உப்பளமும் சதுப்பு நிலமும் காடும்தான். பூநாரைகளையும் வெளிமான்களையும் காண நவம்பர் முதல் பிப்ரவரி வரை பலர் குடும்பத்துடன் அங்கே செல்கின்றனர். நீண்டகால நோய் உள்ளவரும் செல்லலாம். ஆனால் மாத்திரை, உணவு, தண்ணீர் ஆகிய மூன்றின் நேரத்தையும் வீட்டில் இருப்பது போலவே வழியிலும் காக்க வேண்டும். இப்பயணத்தில் ஏற்படும் பெரும்பாலான தொல்லைகளுக்கு நோயைவிட நேரம் தவறுவதே காரணம்.

புறநோயாளிகள் பிரிவில் நான் கண்ட ஒரு முதியவரின் அனுபவத்தைக் குறிப்பிடுகிறேன். காலையில் வழக்கம்போல் சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டுக் காரில் ஏறினார். சிற்றுண்டியை வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்றனர். நல்ல உணவகம் வரட்டும் என்று ஒவ்வோர் ஊராகக் கடந்துகொண்டே சென்றனர். பின்இருக்கையில் அவர் கண்மூடிச் சாய்ந்திருந்ததைக் களைப்பால் வந்த உறக்கம் என்றே வீட்டார் நம்பினர். நெடுநேரம் கழித்துச் சட்டை வியர்வையில் நனைந்திருப்பதைப் பேத்திதான் கவனித்தாள். அவர் பிழைத்துக்கொண்டார். எனினும் அன்று அவர் உறங்கவில்லை, சர்க்கரை தாழ்ந்து மயங்கியிருந்தார்.

ஆகவே இன்சுலின் போடுபவரும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்பவரும், உணவு கண்முன் வந்த பின்னரே மருந்தை எடுத்துக்கொள்ள வேண்டும். இட்லியோ எலுமிச்சைச் சோறோ வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு செல்வது சாலச் சிறந்தது. உடன் செல்பவர், காரில் உறங்கும் நோயாளியை அவ்வப்போது பெயர் சொல்லி எழுப்பிப் பேச்சுக் கொடுக்க வேண்டும். வியர்வை, நடுக்கம், பொருந்தாப் பேச்சு ஆகியவை தென்பட்டாலோ, கருவியில் அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தாலோ, மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து, தேவைப்பட்டால் மறுமுறையும் கொடுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். மாத்திரையால் தாழ்ந்த சர்க்கரை, தெளிந்த சில மணி நேரத்துக்குப் பின்னும் மறுபடி தாழக்கூடும். எனவே அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனையில் காட்டிய பின்னரே பயணத்தைத் தொடர வேண்டும். நீரிழிவு உள்ளவரே வண்டி ஓட்டுவதாயின், புறப்படுமுன் அளந்து, 90-க்குக் குறைவாக இருந்தால் ஏதேனும் உண்ட பின்னரே சக்கரத்தைத் தொட வேண்டும்.

தண்ணீரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியுள்ளது. வழியில் கழிப்பறை இராது என்று அஞ்சிப் பெண்கள் பலர் காலையிலிருந்தே தண்ணீரைத் தவிர்க்கின்றனர். சிலர் நீர் பிரியும் மாத்திரையையும் தாமாகவே நிறுத்திவிடுகின்றனர். தண்ணீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்றும் தலைச்சுற்றலும் வரும். நெடுநேரம் அசையாது அமர்ந்திருப்பதும் சேர்ந்துகொண்டால் கால் நரம்பில் இரத்தம் உறையவும் கூடும். மாமல்லபுரம், புதுச்சேரி, சிதம்பரம், காரைக்கால், வேளாங்கண்ணி என்று நிறுத்துமிடங்களை முன்னரே முடிவு செய்துவிட்டால் இந்த அச்சம் தேவையில்லை. நிறுத்துமிடம் எதுவாயினும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிச் சிறிது நடப்பது அவசியம். நீர் பிரியும் மாத்திரையின் நேரத்தை அன்று மட்டும் மாற்றலாமா என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்துகளைப் பயண நாட்களைப் போல் இரு மடங்கு எடுத்துச் செல்லுங்கள். அவற்றை இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாதந்தோறும் மருந்து பெறுவோர், பயணத் தேதியைச் சுகாதாரத் தன்னார்வலரிடம் முன்கூட்டியே தெரிவிப்பது நலம். மாத்திரைகளை உறையிலிருந்து பிரித்து டப்பாவில் கலந்து போட வேண்டாம். வெளியூர் மருத்துவர் உறையிலுள்ள பெயரைப் படித்துத்தான் அதை இன்னதென்று அறிவார். மருந்துச் சீட்டு, கடைசி இ.சி.ஜி., மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது தந்த சுருக்கம் ஆகியவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பயன்பாட்டில் உள்ள இன்சுலினை நிறுத்திய காரிலோ பின்பக்கப் பெட்டியிலோ விட்டுச் செல்லக் கூடாது. ஈரத்துணி சுற்றிய சிறு பாத்திரத்தில் வைத்து, இறங்கும்போது கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். பனிக்கட்டி நேரடியாகப் படவும் கூடாது, ஏனெனில் உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. நாக்கின் அடியில் வைக்கும் இதய மாத்திரை நோயாளியின் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

மார்பில் அழுத்தும் வலி, மூச்சுத்திணறல், முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று சென்னையை நோக்கி வண்டியைத் திருப்பாதீர்கள். பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டிய மருந்தாகும். கோடியக்கரையிலிருந்து அம்பத்தூர் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். அருகில் வேதாரண்யத்தில் அரசு மருத்துவமனையும், நாகப்பட்டினத்திலும் திருவாரூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் உள்ளன. 108-ஐ அழைத்தால் எந்த நோய்க்கு எங்கே செல்வது என்பதை அவர்களே முடிவு செய்வர். இடத்தைச் சரியாகச் சொல்ல, கடைசியாகக் கடந்த ஊரின் பெயரையும் கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் கவனித்து வைத்திருப்பது உதவும். காட்டுப் பகுதியில் கைப்பேசித் தொடர்பு விட்டுவிட்டுக் கிடைக்கலாம். ஆகவே நீங்கள் செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் இருக்கும் ஒருவரிடம் சொல்லிச் செல்லுங்கள்.

அண்மையில் மாரடைப்போ ஆஞ்சியோபிளாஸ்டியோ ஆனவர்கள் மருத்துவரின் ஒப்புதலின்றிப் புறப்படக் கூடாது. டயாலிசிஸ் செய்துகொள்வோர், ஒரு முறையையும் தவறவிடாது இரண்டு முறைகளுக்கு இடைப்பட்ட நாட்களில் சென்று திரும்ப முடிந்தால் மட்டுமே செல்லலாம். வழியில் புயலால் ஒருநாள் தங்க நேர்ந்தால் அவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்தாகும். 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்தது இதே வேதாரண்யம் கடற்கரையில்தான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வானிலை அறிவிப்பைப் பாராமல் யாருமே கிளம்ப வேண்டாம்.

கோடியக்கரையில் குரங்குகள் உண்டு. உணவுப் பொட்டலத்தைக் கையில் பிடித்து நடக்காதீர்கள். குரங்கு கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அங்கே தரும் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். எஞ்சிய தவணைகளை ஊர் திரும்பியபின் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி அரசு மருத்துவமனைகளில் அந்தச் சீட்டைக் காட்டிப் போட்டுக்கொள்ளலாம்.