உபகாரச் சம்பளம் இல்லை. ஆனாலும் உயிரைக் கொடுத்து ஆடுகிறார்கள்!

2023 டிசம்பர் 15. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள சேலம் நகரம். கல்லூரி அணிகளுக்கான அமெரிக்கக் காற்பந்து இறுதியாட்டம் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. கார்ட்லண்ட் 38, நார்த் சென்ட்ரல் 37.

அப்போதுதான் நார்த் சென்ட்ரல் ஒரு 'டச்டவுன்' போட்டு 6 புள்ளிகள் பெற்றிருந்தது. டச்டவுனுக்குப் பிறகு ஒரு கூடுதல் வாய்ப்பு உண்டு. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 1 புள்ளி, ஆட்டம் சமநிலை. பந்தோடு மீண்டும் எல்லைக்கோட்டைத் தாண்டினால் 2 புள்ளிகள். அணி முன்னிலைக்குப் போய்விடும். நடப்பு வெற்றியாளரான நார்த் சென்ட்ரல் துணிந்து 2 புள்ளிகளுக்கே முயன்றது. கார்ட்லண்ட் தடுத்துவிட்டது. ஒரே ஒரு புள்ளியில், கார்ட்லண்ட் முதன்முறையாக வெற்றியாளர் பட்டத்தை வென்றது.

இந்த இறுதியாட்டத்தின் பெயர் 'ஸ்டேக் பவுல்'. அதென்ன பவுல்? கலிஃபோர்னியாவில் 1922இல் திறக்கப்பட்ட ரோஸ் பவுல் அரங்கம் கிண்ண வடிவில் அமைந்தது. அங்கு நடந்த ஆட்டத்திற்கும் அதே பெயர் நிலைத்தது. நாளடைவில் மற்ற ஊர்களில் பருவ முடிவில் நடக்கும் சிறப்பு ஆட்டங்களும் 'பவுல்' ஆகிவிட்டன.

பணமில்லாப் பிரிவு

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் மூன்று பிரிவுகள் உண்டு. முதல் பிரிவில் பெரிய பல்கலைக்கழகங்கள். நிரம்பி வழியும் அரங்குகள், விளையாட்டு உபகாரச் சம்பளம், தொலைக்காட்சிப் பணம். 1973 முதல் ஸ்டேக் பவுல், மூன்றாம் பிரிவின் இறுதியாட்டமாக இருந்து வருகிறது. இப்பிரிவில் விளையாட்டுக்காக உபகாரச் சம்பளம் கொடுக்கக்கூடாது என்பது விதி. தேர்ச்சிக்கோ குடும்ப நிலைக்கோ ஏற்ப நிதியுதவி பெறலாம். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு ஒரு காசும் கிடையாது.

ஓஹாயோவின் மவுண்ட் யூனியன் சுமார் 2,000 மாணவர்களே படிக்கும் கல்லூரி. அது இப்பட்டத்தை 13 முறை வென்றிருக்கிறது. அங்கு ஆடிய பியேர் கார்சோன் 2010 சூப்பர் பவுலில் டச்டவுன் போட்டார். ஆனால், அவர் விதிவிலக்கு. மற்றவர்களில் பெரும்பாலோர் பட்டம் பெற்று ஆசிரியராகவோ கணக்காளராகவோ வேலைக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்கு இதுவே கடைசி ஆட்டம்.

அணுவுக்கு இடம் தந்த அரங்கம்

அமோஸ் அலோன்சோ ஸ்டேக் (1862–1965) சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1892 முதல் 1932 வரை பயிற்றுநராக இருந்தவர். 70 வயதில் ஓய்வுபெற வேண்டும் என்றதும், வேறொரு கல்லூரிக்குச் சென்று தொடர்ந்து பயிற்சி அளித்தார். 102 வயது வரை வாழ்ந்தார்.

அவர் சென்ற பிறகு, படிப்பே முக்கியம் என்று கருதிய சிகாகோ, 1939இல் காற்பந்தையே கைவிட்டது. ஆளற்றுப்போன ஸ்டேக் அரங்கின் பார்வையாளர் இருக்கைகளுக்கு அடியில்தான், 1942 டிசம்பர் 2இல் என்ரிகோ ஃபெர்மி குழுவினர் உலகின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுக்கருத் தொடர்வினையை நிகழ்த்திக் காட்டினர். விளையாட்டை விலக்கியது சரிதான் என்று பலருக்குத் தோன்றியிருக்கும். ஆனாலும், 1969இல் சிகாகோ மீண்டும் காற்பந்து அணியைக் களமிறக்கியது. இன்று அது ஆடுவது, பணமில்லாத அந்த மூன்றாம் பிரிவில்தான். படிப்பைக் குறைத்துக்கொள்ளாமலேயே விளையாட்டுக்கும் இடமுண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

புறப்பாட நடவடிக்கை என்றதும் 'இதற்கு எத்தனை புள்ளி கிடைக்கும்?' என்றுதான் நம்மில் பலர் முதலில் கேட்கிறோம். புள்ளியும் பணமும் இல்லாவிட்டாலும் திடலுக்குப் போவோமா என்பதையும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

துணிந்து தோற்ற நார்த் சென்ட்ரல் என்னவானது? அடுத்த பருவமே இறுதியாட்டத்திற்குத் திரும்பி, 41-25 என மவுண்ட் யூனியனை வீழ்த்திப் பட்டத்தை மீட்டது.