4,000 கார்களும் 22 பேரும்

2022 பிப்ரவரி 16. நடு அட்லான்டிக்கில், போர்ச்சுகலின் அசோரஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே ‘ஃபெலிசிட்டி ஏஸ்’ என்ற கப்பலில் தீப்பிடித்தது. ஜெர்மனியின் எம்டன் துறைமுகத்திலிருந்து ஆறு நாள் முன்பு கிளம்பி, அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்து டேவிஸ்வில் துறைமுகத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த கப்பல் அது. உள்ளே ஏறத்தாழ 4,000 கார்கள் இருந்தன. ஃபோக்ஸ்வேகன், ஆடி ஆகியவற்றோடு சுமார் 1,100 போர்ஷே, 189 பென்ட்லி, 85 லம்போர்கினி.

செய்தி கரைக்கு வந்த வேகத்தில் அமெரிக்காவில் கலக்கம் தொடங்கிவிட்டது. மேட் ஃபாரா என்ற வாகன விமர்சகர் ஒரு போர்ஷே பாக்ஸ்டர் ஸ்பைடருக்கு ஆர்டர் கொடுத்துக் காத்திருந்தார். அந்தக் கார் எரியும் கப்பலில்தான் இருக்கிறது என்று டீலர் போனில் சொன்னதை அவர் ட்விட்டரில் எழுத, உலகப் பத்திரிகைகள் அதை எடுத்துப் போட்டன. கார் பித்தர்கள் பதறினார்கள். மற்றவர்களுக்கோ சிரிப்பு. பணக்காரர்களின் பொம்மை எரிந்தால் எங்களுக்கென்ன என்று ஆளாளுக்குக் கேலிப் படம் போட்டார்கள்.

பதறியவர்களும் சிரித்தவர்களும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை. இரு தரப்பும் கார்களைத்தான் எண்ணின. கப்பலில் இருந்த 22 பேரும் அன்றே உயிரோடு மீட்கப்பட்டார்கள் என்ற தகவல் அதே செய்தியில் இரண்டாம் பத்தியிலோ மூன்றாம் பத்தியிலோ கிடந்தது. அதைத் தேடிப் படித்தவர்கள் எத்தனை பேரோ!

மனத்தைக் கலங்கடிக்கும் செய்தி வரும்போது நாம் எதை முதலில் பார்க்கிறோம், எதைக் கடைசியில் பார்க்கிறோம் என்பதற்கு இந்தக் கார் கப்பல்களின் கதை நல்ல பாடம்.

தொழிற்சாலை வாசலில் ஒரு விடுமுறை

ஒரு காருக்காக இவ்வளவு கலங்குவார்களா என்று கேட்பவர்கள், போர்ஷே தன் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு நடத்திவரும் ‘ஐரோப்பிய டெலிவரி’ திட்டத்தைப் பார்க்க வேண்டும். உள்ளூர் டீலரிடம் ஆர்டர் கொடுத்துவிட்டு விமானம் ஏறி ஜெர்மனிக்குப் போகலாம். ஷ்டுட்கார்ட் நகரின் சுஃபன்ஹவுசனிலோ லைப்சிக்கிலோ, தொழிற்சாலையிலேயே சாவியை வாங்கிக்கொள்ளலாம். புகழ்பெற்ற ‘911’ உருவாவது சுஃபன்ஹவுசனில்தான். லைப்சிக்கில் இன்னொரு ருசி: உலகின் பேர்பெற்ற பந்தயத் தடங்களின் வளைவுகளை நகலெடுத்து அங்கே ஒரு தடம் போட்டிருக்கிறார்கள்.

வலது ஓரச் சிவப்புப் பட்டையில் காலாவதித் தேதி பொறித்த ஏற்றுமதி நம்பர் பிளேட்டோடு கார் வெளியே வரும். பிறகு ஊர் சுற்றல்தான். ஜெர்மனியின் ஆட்டோபானில் வேகக் கட்டுப்பாடு இல்லாத நீட்சிகள், இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய், ஆஸ்திரியாவின் கிராஸ்கிளாக்னர் மலைச்சாலை. ஸ்டெல்வியோவின் உச்சி 2,757 மீட்டர். வடக்குப் பக்கம் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். கிராஸ்கிளாக்னர் 1935-இல் திறந்த 48 கிலோமீட்டர் கட்டணச் சாலை. துணிந்தவர்கள் நூர்பர்க்ரிங்கின் 20.8 கிலோமீட்டர் வடக்குத் தடத்துக்கும் போவார்கள். பந்தயம் இல்லாத நேரங்களில் காசு கட்டினால் யார் வேண்டுமானாலும் அங்கே ஓட்டலாம். ஆனால் அங்கு முட்டி மோதினால் பல காப்பீட்டு நிறுவனங்கள் கையை விரித்துவிடும்.

சின்னச் சின்னக் கசப்புகளும் இந்த விடுமுறையில் சேர்த்தி. சுவிட்சர்லாந்தின் நெடுஞ்சாலையில் ஏறுமுன் 40 ஃபிராங்க் கட்டி ஆண்டு வில்லை வாங்க வேண்டும். இத்தாலியப் பழைய நகரங்களின் உள்தெருக்களில் அனுமதியில்லாத வண்டி நுழைந்தால் கேமரா பிடித்துவிடும். அபராதச் சீட்டு மாதங்கள் கழித்து வீடு தேடி வரும்.

சுற்றி முடித்ததும் குறித்த இடத்தில் காரை ஒப்படைத்துவிட்டு உரிமையாளர் விமானத்தில் ஊர் திரும்புகிறார். கார் பின்னாலேயே கப்பலில் வருகிறது. வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கையில் விடுமுறைப் படங்கள், போன் திரையில் கப்பலின் நகர்வைக் காட்டும் வரைபடம். அந்தப் புள்ளி திடீரென நடுக்கடலில் நின்றுவிட்டால் வயிறு கலங்கத்தானே செய்யும்?

இழப்பின் கணக்கும் இங்கே மாறுகிறது. வழக்கமான முறையில் ஆர்டர் கொடுத்துக் காத்திருப்பவருக்கு, கார் கைக்கு வரும்வரை நட்டம் தயாரிப்பாளர், இறக்குமதியாளர், டீலர், அவர்களுடைய காப்பீடு ஆகியோர் பாடு. தொழிற்சாலையிலேயே சாவி வாங்கி ஓட்டியவருக்கோ அது ஏற்கெனவே சொந்தக் கார். அதனால் கடல் பயணக் காப்பீடு யார் பெயரில், எதுவரை என்பதை முன்கூட்டியே படித்து வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

தீப்பெட்டிக்குள் குச்சிகள்

இந்தக் கப்பல்களை ‘ரோ-ரோ’ என்பார்கள். கிரேன் வேண்டாம், துறைமுக ஓட்டுநர்கள் கார்களை உள்ளே ஓட்டிப்போய் அடுக்கு அடுக்காக நிறுத்திவிடுவார்கள். ஒவ்வொரு காரையும் தளத்தோடு பட்டை போட்டுக் கட்டுவார்கள். ஃபெலிசிட்டி ஏஸ் 200 மீட்டர் நீளம். தீப்பெட்டிக்குள் குச்சி அடுக்கியதுபோல, ஆள் ஒருக்களித்து நடக்கும் இடைவெளிகூட இல்லாமல் கார்கள் நிற்கும். மற்றச் சரக்குக் கப்பல்களில் உள்ளதுபோல் குறுக்குச் சுவர்கள் கிடையாது. வண்டி ஓட வழி வேண்டுமே! ஒரு மூலையில் பற்றும் தீ தளம் முழுக்கப் பரவுவதற்கும் அதுவே வழியாகிவிடுகிறது.

தளத்தைக் காற்றுப் புகாமல் அடைத்துக் கரியமில வாயுவைச் செலுத்துவது வழக்கமான தற்காப்பு. சீக்கிரம் செய்தால் பலிக்கும். ஆனால் லித்தியம் அயன் பேட்டரி பற்றிக்கொண்டால் கதை வேறு. தனக்குள்ளேயே சூட்டைப் பெருக்கிக்கொள்ளும் பொருள் அது. காற்றை அடைத்தால் மட்டும் அடங்காது, நெடுநேரம் குளிர்விக்க வேண்டும். அணைந்ததுபோல் கிடந்து மறுபடி மூளும். இவ்வளவையும் சமாளிக்கக் கப்பலில் இருப்பவர்களோ இருபது பேர் சொச்சம்.

காருக்கு மறுபிறவி உண்டு

ஃபெலிசிட்டி ஏஸ் ஆளில்லாமல் எரிந்தபடி மிதந்தது. இழுவைக் கப்பல்கள் வந்து கட்டி இழுத்தன. மார்ச் 1 அன்று வலப்பக்கம் சாய்ந்து மூழ்கியது. அந்த இடத்தில் ஆழம் ஏறத்தாழ 3,000 மீட்டர்.

மூழ்கிய கார்களில் லம்போர்கினியின் ‘அவென்டடார் அல்டிமே’ சிலவும் இருந்தன. 350 கூப்பே, 250 ரோட்ஸ்டர் என மொத்தம் 600 மட்டுமே செய்வதாக அறிவித்த கடைசிப் பதிப்பு அது. கடலில் போனவற்றுக்கு ஈடாகப் புதிதாகச் செய்து தர நிறுவனம் ஏற்பாடு செய்தது. போர்ஷேயும் மாற்றுக் கார்களுக்கு வழி செய்தது.

போர்ஷேக்கு இது புதிதல்ல. 2019 மார்ச்சில் ‘கிராண்டே அமெரிக்கா’ என்ற இத்தாலியக் கப்பல் பிஸ்கே விரிகுடாவில் தீப்பிடித்து மூழ்கியது. கப்பலில் இருந்த 27 பேரையும் பிரிட்டிஷ் கடற்படையின் ‘ஆர்கைல்’ போர்க்கப்பல் மீட்டது. பிரேசிலுக்குப் போய்க்கொண்டிருந்த நான்கு ‘911 ஜிடி2 ஆர்எஸ்’ கார்கள் அடியில் போயின. 2017-இல் நூர்பர்க்ரிங் வடக்குத் தடத்தை 6 நிமிடம் 47.3 விநாடியில் சுற்றிய 700 குதிரைத்திறன் ரகம் அது. அதன் தயாரிப்பு 2019 பிப்ரவரியோடு முடிந்திருந்தது. நான்கு வாடிக்கையாளர்களுக்காக மறுபடி தொடங்க முடிவு செய்தார்கள். கூடவே மூழ்கிய எண்ணெயைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை. அந்தக் கப்பலின் தொட்டிகளில் சுமார் 2,200 டன் கனரக எரிபொருள் இருந்தது.

ஃபெலிசிட்டி ஏஸ் மூழ்கிய வாரத்தில் உலகம் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்துவிட்டது. ஐரோப்பியக் கார்களுக்கான மின்கம்பித் தொகுப்புகளில் கணிசமானவை உக்ரைனில் தயாரானவை. அவை வராமல் போகவே லைப்சிக் போர்ஷே ஆலை மார்ச் மாதத்தில் நின்றது. எரிந்த காருக்குப் பதில் கார் எப்போது வரும் என்று கேட்டவருக்கு விடை, குண்டு விழும் ஊரில் கம்பி முறுக்கும் தொழிலாளி வேலைக்குப் போக முடியுமா என்பதில் இருந்தது.

முதல் நாள் காரணம்

கெட்ட செய்தி கேட்டதும் அடுத்து நாம் தேடுவது குற்றவாளியை. ஃபெலிசிட்டி ஏஸில் மின்கார்களும் இருந்தன. அவற்றின் பேட்டரிகள் தீயை விடாமல் வைத்திருப்பதாக அசோரஸின் ஹோர்ட்டா துறைமுக அதிகாரி சொன்னார். எரிவது தொடர்கிறது என்றுதான் அவர் சொன்னார். தீ தொடங்கியதே மின்காரால்தான் என்று அது இணையத்தில் உருமாறியது. கப்பலை இயக்கிய மிட்சுய் ஓ.எஸ்.கே. நிறுவனத் தரப்பும் காப்பீட்டுத் தரப்பும் பின்னர் ஒரு போர்ஷே மின்காரைக் காரணம் காட்டி ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் மீது ஜெர்மனியில் வழக்குத் தொடுத்தன. சாட்சிப் பொருள் முழுவதும் 3,000 மீட்டர் ஆழத்தில் கிடக்க, வாதம் மட்டும் கரையில் எழுந்தது.

அடுத்த ஆண்டு சாட்சி மூழ்காத ஒரு விபத்து நடந்தது. 2023 ஜூலை 25 இரவு, ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபனிலிருந்து எகிப்தின் போர்ட் சயீதுக்குக் கிளம்பிய ‘ஃப்ரீமேன்டில் ஹைவே’ கப்பல், நெதர்லாந்தின் அமலாண்ட் தீவுக்கு வடக்கே தீப்பிடித்தது. கப்பலில் 25 மின்கார்கள் என்று முதலில் செய்தி வந்தது. மின்கார் அருகேதான் தீ தொடங்கியது என்று பேச்சு பரவியது. சில நாளில் அந்த 25, 498 ஆனது. மொத்த வண்டிகள் 3,784 என்று தெரிந்தது. மின்கார் எதிரிகளுக்குக் கொண்டாட்டம். கப்பலை எம்ஸ்ஹாஃபன் துறைமுகத்துக்கு இழுத்து வந்து திறந்து பார்த்தபோது, கீழ்த் தளங்களில் 900 முதல் 1,000 கார்கள் நல்ல நிலையில் நின்றிருந்தன. சுமார் 500 மின்கார்கள் அவற்றில் அடக்கம். அந்த விவரத்துக்கு முதல் நாள் பரபரப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

முப்பது மீட்டர்

அந்த இரவில் தீ பரவிய வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் மாலுமிகள் பலர் மேல்தளத்திலிருந்து வட கடலில் குதித்தார்கள். உயரம் சுமார் 30 மீட்டர், ஏறத்தாழ பத்து மாடி. அமலாண்ட் உயிர்காப்புப் படகுக்காரர்கள் அவர்களைத் தண்ணீரிலிருந்து தூக்கினார்கள். எஞ்சியவர்களை ஹெலிகாப்டர் மீட்டது. கப்பலில் இருந்த 23 பேரில் பெரும்பாலோர் இந்தியர்கள். ஒருவர் இறந்தார். அவரும் இந்தியர்.

நான்கு ஜிடி2 ஆர்எஸ் கார்களுக்காக முடிந்த தயாரிப்பையே மறுபடி தொடங்க முடிந்த தொழில் இது. அந்த ஒருவருக்கு எந்த ஆலையும் மாற்று தராது. உலகக் கப்பல்களுக்கு அதிக மாலுமிகளைத் தரும் நாடுகளில் நம்முடையதும் ஒன்று. சென்னையைச் சுற்றிய ஆலைகளின் கார்களும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலிருந்து இதே வகைக் கப்பல்களில்தான் ஏறுகின்றன. கடலில் எரியும் கார் கப்பலை ஐரோப்பியப் பணக்காரர்களின் வேடிக்கை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

ஆசையாக வாங்கிய காரை இழந்தவரின் வருத்தத்தைக் கேலி செய்யவும் வேண்டியதில்லை. ஸ்டெல்வியோவில் தானே ஓட்டி ஏறிய வண்டிக்குப் பதில் அதே நிறத்தில் இன்னொன்று வரலாம். ஏறிய வண்டி வராது. அந்த வருத்தம் உண்மைதான். ஆனால் அதற்கு வரிசையில் ஓர் இடம் உண்டு, அது முதலிடம் அல்ல.

2025 ஜூன் 3 அன்று ‘மார்னிங் மிடாஸ்’ கப்பல் சுமார் 3,000 வண்டிகளோடு அலாஸ்காவுக்கு அப்பால் தீப்பிடித்தது. சீனாவிலிருந்து மெக்சிகோ போன கப்பல். மறுபடியும் எத்தனை மின்கார் என்பதே பெரிய பேச்சானது. 22 மாலுமிகளும் உயிர்காக்கும் படகில் இறங்கி, அவ்வழியே வந்த வணிகக் கப்பலில் ஏறித் தப்பினார்கள். கப்பல் ஜூன் 23 அன்று மூழ்கியது.

இது கடைசி விபத்தாக இருக்கப்போவதில்லை. அடுத்த செய்தி உங்கள் போனில் வரும்போது கார்களின் பெயரையும் விலையையும் தாண்டி, ஆட்களைப் பற்றிய வரிக்கு முதலில் போங்கள். அடுத்து எண்ணெய், கடல். காரணத்தை ஒரு மாதம் கழித்துத் தேடுங்கள். உங்கள் காரே அதில் இருந்தால், டீலருக்குப் போன் செய்ய அதற்குப் பிறகும் நேரம் இருக்கும்.