நெஞ்செலும்பின் பின்னால் ஒரு பாய்

தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்ததற்காக 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்தது வரை போன வாரம் வந்து நின்றோம். அந்தச் சான்றிதழுக்கு முன்பே தொற்றோடு பிறந்த பிள்ளைகள் மருந்தோடு வளர்ந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களது நோய் எதிர்ப்பு எப்படி இருக்கிறது என்பதையும், குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறி மருந்து தீவுகளுக்குப் போகும் கதையையும் இந்த வாரம் சொல்வதாக எழுதியிருந்தேன். முதலாவதைச் சொல்லத் தொடங்கியதும் தைமஸ் என்ற சுரப்பி என்னைப் பிடித்துக்கொண்டது.

கைக்குழந்தையின் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தால், இதயத்தின் பக்கத்தில் முக்கோணமாக ஒரு நிழல் சில வேளை தெரியும். கதிர்ப்பட வைத்தியர்கள் அதைப் படகின் பாய் என்றே குறிப்பிடுகிறார்கள். ஊர்காவற்றுறைக் கடலைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்தப் படத்தை விளக்க வேண்டியதே இல்லை. அதுதான் தைமஸ். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிறது. பிள்ளைப் பருவத்தில் பெரிதாக இருந்து, பருவமடைந்தபின் சுருங்கிக் கொழுப்பாக மாறிவிடும்.

இந்தச் சுரப்பிக்கு நேர்ந்த அநியாயம் கொஞ்சமல்ல. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், மேலை நாடுகளில் திடீரென இறந்த குழந்தைகளின் உடலைத் திறந்து பார்த்தவர்கள், தைமஸ் பெரிதாக இருப்பதைக் கண்டு அதுவே மூச்சை அடைத்துக் கொன்றது என்று முடிவுகட்டினார்கள். உண்மையில் அந்தத் தைமஸ்தான் சரியான அளவு. அதுவரை அவர்கள் பார்த்துப் பழகியவை நோயிலும் பட்டினியிலும் வாடி இறந்த ஏழைகளின் உடல்கள். பட்டினி தைமஸைச் சுருக்கிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. சுகமாயிருந்த பிள்ளைகளின் தைமஸைச் சுருக்கவென்று கதிர் பாய்ச்சினார்கள். பின்னாளில் அப்பிள்ளைகளில் பலருக்குத் தைராய்டுப் புற்றுநோய் வந்தது.

1961இல்தான் லண்டனில் ஜாக் மில்லர் என்ற ஆய்வாளர் உண்மையைக் கண்டார். பிறந்த உடனேயே எலிக்குஞ்சுகளின் தைமஸை அகற்றினார். குஞ்சுகள் மெலிந்து, தொற்றுகளுக்கு இரையாகின. வேறோர் எலியின் தோலை ஒட்டினால்கூட அவற்றின் உடல் எதிர்க்கவில்லை. வளர்ந்த எலியில் இதே சுரப்பியை அகற்றினால் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதனால்தான் அதுவரை எவரும் இதைக் கவனிக்கவில்லை. தொற்றுகளை எதிர்க்கும் டி குழியங்களின் பெயரே தைமஸின் ஆங்கில முதலெழுத்திலிருந்து வந்தது. அங்கே உருவாகும் குழியங்களில் நூற்றுக்கு ஐந்துகூட உயிரோடு வெளியே வருவதில்லை. சொந்த உடலைத் தாக்கக்கூடியவையும் பயன்படாதவையும் அங்கேயே அழிக்கப்படுகின்றன.

எச்.ஐ.வி. குறிவைப்பது இந்த டி குழியங்களில் சி.டி.4 என்ற வகையை. மருந்து வைரஸை அடக்கியதும், இழந்த குழியங்களை உடல் திரும்ப உண்டாக்க வேண்டும். பெரியவரின் உடல் பெரும்பாலும் எஞ்சிய பழைய குழியங்களைத்தான் பெருக்கிக்கொள்கிறது. பிள்ளையின் உடலோ தைமஸிலிருந்து புத்தம் புதிய குழியங்களையே இறக்குகிறது. மருந்தை எவ்வளவு முந்தித் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 2008இல் வெளிவந்த தென்னாப்பிரிக்க ஆய்வில், தொற்றுள்ள கைக்குழந்தைகளுக்கு நோய் முற்றும்வரை காத்திராமல் சில வார வயதிலேயே மருந்து தொடங்கியபோது, இறப்பு 76 சதவீதம் குறைந்தது.

இரத்தப் பரிசோதனைத் துண்டைக் கையில் வாங்கும் தாய்மார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சி.டி.4 எண்ணிக்கை 1,400 என்றிருந்தால் பெரியவருக்கு அது நல்ல எண். ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்கோ அதே எண் பலவீனத்தின் அடையாளம். ஐந்து வயதுவரை எண்ணிக்கையோடு சதவீதத்தையும் வைத்தியர்கள் பார்ப்பது இதனால்தான். பக்கத்து வீட்டுப் பெரியவரின் துண்டோடு பிள்ளையின் துண்டை ஒப்பிடாதீர்கள்.

சாப்பாடும் இங்கே மருந்துக்கு அடுத்தபடி முக்கியம். பட்டினி சுருக்கும் சுரப்பி என்று மேலே சொன்னேன். குளிசையைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையை வெறும் தேநீரும் பாணுமாக விடக்கூடாது. மீனும் முட்டையும் முருங்கையிலையும் கிளினிக்கில் கிடைக்கும் திரிபோஷவும் பிள்ளையின் தட்டில் இருக்க வேண்டும்.

இன்னொரு விடயமும் இருக்கிறது. புதிய குழியங்கள் வந்தாலும் பழைய தடுப்பூசிகளின் நினைவு அவற்றோடு திரும்பி வருவதில்லை. மருந்து தொடங்குமுன் போட்ட சின்னமுத்துத் தடுப்பூசியின் காப்பு பல பிள்ளைகளில் கரைந்துபோகிறது. ஆகவே மருந்தால் எதிர்ப்புச் சக்தி தேறியபின் சின்னமுத்துத் தடுப்பூசியைத் திரும்பவும் போட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி. சக்தி மிகவும் குறைந்திருக்கும்போது போடக்கூடாது, காலத்தை வைத்தியரே தீர்மானிப்பார். 2019இல் சின்னமுத்தை ஒழித்த நாடென்று பெயரெடுத்த இலங்கையில் 2023இல் அது மறுபடி பரவியது. ஆனி மாதம் நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு நயினாதீவுப் படகுகள் நிரம்பி வழிவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கடல் சூழ்ந்திருப்பது தொற்றுக்குத் தடையாகாது.

எதிர்ப்புச் சக்தி தேறிய பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும், விளையாட வேண்டும். ஒன்றாக இருப்பதாலும் ஒன்றாகச் சாப்பிடுவதாலும் எச்.ஐ.வி. தொற்றாது. 2016இல் குருநாகல் மாவட்டத்தில், வெறும் வதந்தியை நம்பி ஒரு சிறுவனைப் பள்ளிகள் சேர்க்க மறுத்தன. வழக்கு உயர் நீதிமன்றம்வரை போனது. தொற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் கல்வி உரிமை உண்டு என்பதை நீதிமன்றம் ஏற்றது. அந்த வதந்தியைக் கிளப்பியவர்களைவிட, அதைக் கேட்டுத் தம் பிள்ளைகளை வகுப்பிலிருந்து அழைத்துப்போன பெற்றோர் மீதுதான் எனக்குக் கோபம் அதிகம்.

படகில் போகும் மருந்தின் கதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டிய கசப்புப் பாணி மருந்து போய், தண்ணீரில் கரையும் ஸ்ட்ராபெரிச் சுவைக் குளிசை எப்படி வந்தது என்பதும், இறங்குதுறையில் எல்லாரும் எல்லாரையும் அறிந்த தீவில் ஒரு தாய் இரகசியத்தை எப்படிக் காப்பது என்பதும் அதில் வரும். அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். மருந்தில் இருக்கும் பிள்ளை உங்கள் பொறுப்பில் இருந்தால், அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது தடுப்பூசிப் பதிவேட்டையும் கொண்டுபோய், சின்னமுத்து ஊசி மறுபடி போட வேண்டுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.