உங்களுக்குத் தெரியுமா? லெதர் சோபாவுக்கு எண்ணெய்க் குளியல் ஆகாது

● லெதர் சோபாவில் முதலில் கறுப்பதும் பிசுபிசுப்பதும் உரிவதும் தலை சாயும் இடமும் கைப்பிடியும்தான். தலை எண்ணெயும் உள்ளங்கை வியர்வையும் செய்கிற வேலை அது. தூசி மேலே கிடக்கும், துடைத்தால் போய்விடும். எண்ணெய் தோலின் மேல்பூச்சுக்குள் இறங்கி அதை இளக்கிவிடும். எந்த இடம் கெட்டிருக்கிறது என்று பார்த்தாலே, அந்த வீட்டில் டி.வி. ரிமோட் யார் வசம் என்று சொல்லிவிடலாம்.

● விக்டோரியா காலத்து இங்கிலாந்திலும் இதே தொல்லை இருந்தது. ஆண்கள் தலைக்கு மக்காசர் எண்ணெய் பூசிக்கொண்டார்கள். தேங்காய் எண்ணெயிலோ பனை எண்ணெயிலோ பூ வாசனை சேர்த்த சரக்கு அது. நாற்காலி பாழாகாமலிருக்க, முதுகுப் பக்கத்தில் சின்னத் துணியொன்றை விரித்துப் போடும் வழக்கம் அப்போது பரவியது. நம் தாத்தாக்கள் ஈஸி சேரில் போட்டுக்கொண்ட துண்டுக்கும் அதே வேலைதான். விருந்தாளி வருகிறார் என்று அந்தத் துண்டை ஒளித்துவைக்க வேண்டியதில்லை.

● உங்கள் சோபா எந்த வகைத் தோல் என்று அறிய ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். கண்ணில் படாத ஒரு மூலையில் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் நிறப்பூச்சு கொடுத்த தோல். வீடுகளில் இருப்பதில் பெரும்பகுதி இதுதான். தண்ணீரை உறிஞ்சி அந்த இடம் கறுத்தால் பூச்சில்லாத ‘அனிலின்’ தோல். தொட்டால் சுகமாக இருக்கும், காபி சிந்தினால் கறை போகாது.

● அந்த நிறப்பூச்சு மிக மெல்லியது. 0.15 மில்லிமீட்டருக்கு மேல் பூச்சு இருந்தால் அதை வெறுமனே ‘லெதர்’ என்று சொல்லக்கூடாது என்கிறது ஐரோப்பியத் தரவரையறை. ‘தோல் தேய்ந்துபோச்சு’ என்று நாம் புலம்பும்போது பெரும்பாலும் தேய்ந்திருப்பது இந்தப் படலம் மட்டுமே. அடியில் தோல் திடமாகத்தான் இருக்கும். வீட்டிலேயே சோபாவை மீட்க முடிவது அதனால்தான்.

● செதில் செதிலாக உரிகிறதா? உரிந்த இடத்தில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். நார் நாராக, மெத்தென்று தெரிந்தால் தோல். துணி தெரிந்தால் அது துணிமேல் பாலியூரித்தேன் பூசிய போலி. காற்றிலுள்ள ஈரம் பாலியூரித்தேனின் வேதிப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுத்துவிடும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் சில வருடங்களிலேயே அது உதிரத் தொடங்குகிறது. யாரும் உட்காராமல் அறையைப் பூட்டி வைத்தாலும் உதிரும். இதற்கு மருந்து கிடையாது. கிரீமுக்குச் செலவழிக்கும் காசை மேலுறை மாற்றச் சேர்த்து வையுங்கள்.

● ‘பாண்டட் லெதர்’ என்பது தோல் துணுக்குகளை அரைத்துப் பசையோடு சேர்த்துத் துணிமேல் படியவைத்தது. இதில் தோல் நார் எத்தனை சதவீதம் என்று சொல்லித்தான் விற்க வேண்டும் என்பது அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷனின் வழிகாட்டுதல். நம் கடையில் கேட்டுப் பாருங்கள், “அசல் லெதர் சார்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

● ரெக்சின் என்பது ஒரு பிரிட்டிஷ் கம்பெனியின் சரக்குப் பெயர். பழைய சினிமாச் சுருள்கள் செய்த அதே செல்லுலோஸ் நைட்ரேட்டைத் துணியில் பூசித் தயாரித்தார்கள். ரயில் பெட்டி, கார் இருக்கைகளுக்கெல்லாம் போனது. இன்று அந்தப் பெயரில் நம் குஷன் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பி.வி.சி.

● தோல் அமிலப் பக்கம் சாய்ந்த பொருள். பதனிட்ட தோலின் பி.எச். அளவு பொதுவாக 3.5 முதல் 5 வரை இருக்கும். குளியல் சோப்போ 9, 10 என்று காரத்தில் நிற்கும். தொடர்ந்து சோப்பு போட்டால் தோலின் நார் விறைக்கும், பூச்சு வெடிக்கும். குதிரைச் சேணத்துக்கென்று வந்த ‘சேடில் சோப்’பும் காரம்தான், அதை ஆன்லைனில் வாங்கி சோபாவில் தேய்க்காதீர்கள். “அமிலம்தானே வேண்டும், வினிகர் இருக்கிறதே” என்று கேட்பவர்களுக்கு: அதன் பி.எச். மூன்றுக்கும் கீழே. அதுவும் வேண்டாம். வாழைப்பழத் தோல், பால் ஆகியவற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம், எறும்புக்குத்தான் லாபம்.

● சரி, எதால் துடைப்பது? லெதர் கிளீனர் என்றே விற்கிறார்கள். கைவசம் இல்லாவிட்டால், தண்ணீரில் இரண்டு சொட்டு பேபி ஷாம்பு விட்டு நன்றாக அடித்து, மேலே வரும் நுரையை மட்டும் பஞ்சு போன்ற துணியில் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் மடிப்புகளில் கிடக்கும் மணலையும் முறுக்குத் தூளையும் வாக்குவம் கிளீனரால் எடுத்துவிட வேண்டும். தையலை அறுப்பது அவைதான். நுரையால் துடைத்ததும் வெறும் ஈரத்துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை. போர்வெல் தண்ணீர் உப்புக்கறை விடும், ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. எதைப் பூசினாலும் முதலில் சோபாவின் பின்பக்கத்தில் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் பரிசோதித்துவிட்டுத் தொடங்குங்கள்.

● ‘தோலுக்கு உணவு கொடுங்கள்’ என்பது கிரீம் விற்பவர்களின் வாக்கியம். தோலுக்கு வேண்டிய எண்ணெயைத் தொழிற்சாலையிலேயே ஏற்றிவிடுகிறார்கள். பதனிட்ட பிறகு, உருளும் மர டிரம்மில் போட்டு, வெந்நீரில் கலக்கிய எண்ணெயை நார்களுக்கிடையே செலுத்துகிறார்கள். ‘ஃபேட் லிக்கர்’ என்பது அதற்குத் தொழிலில் உள்ள பெயர். அதற்கு மேல் நாம் தடவும் தேங்காய் எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் பூச்சுத் தோலில் உள்ளே போகாது. மேலேயே தங்கித் தூசியைப் பிடிக்கும், நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். அனிலின் தோலில் உள்ளே போய்த் திட்டுத் திட்டாகக் கறுக்கும். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை நீர் கலந்த லெதர் கண்டிஷனரை மெல்லப் பூசினால் தாராளம்.

● பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பெயரிலேயே ஒரு தோல் தைலம் புழங்கியது: ஆட்டு ரோமக் கொழுப்பான லானோலின், சிடார் எண்ணெய், தேன்மெழுகு, ஹெக்சேன் சேர்ந்த கலவை. நூலகங்கள் பல காலம் புத்தக அட்டைகளுக்குப் பூசிவந்தன. பிசுக்கும் கறுப்பும் மிஞ்சியதைப் பார்த்த பாதுகாப்பு வல்லுநர்கள், வழக்கமாக எண்ணெய் பூசுவதையே கைவிட்டுவிட்டார்கள். நாம் மட்டும் இன்னும் எண்ணெய்ப் பாட்டிலோடு நிற்கிறோம்.

● தமிழ்நாட்டுத் தோலுக்கு லண்டனில் ஒரு வழக்கு நடந்தது என்றே சொல்லலாம். ஆவாரம்பட்டையில் பதனிட்டு, சென்னைத் துறைமுகம் வழியாகக் கப்பலேறிய ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் அங்கே விலைபோயின. இதற்கிடையே பழைய தோலெல்லாம் செம்பொடியாக உதிர்வதை அங்குள்ளவர்கள் கவனித்தார்கள். லண்டன் அதீனியம் கிளப்பில் தோல் கெடுவதற்கு கேஸ் விளக்கிலிருந்து வரும் கந்தகப் புகைதான் காரணம் என்று 1843இல் சொன்னவர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்தில் புகழ்பெற்ற அதே ஃபாரடே. 1900இல் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் ஒரு குழு போட்டுப் புத்தகக்கட்டுத் தோல்களைச் சோதித்தது. சுமாக் என்ற செடியின் இலையில் பதனிட்டவை தாங்குகின்றன, ஆவாரம்பட்டையில் பதனிட்டவை வெளிச்சத்திலும் கேஸ் புகையிலும் சீக்கிரம் சிவந்து கெடுகின்றன என்பது தீர்ப்பு. தோலைப் பதப்படுத்தும் சத்தான டானின் இரண்டிலும் வெவ்வேறு வகை. நம் தொழிலாளியின் கைமேல் குற்றமில்லை. பிற்காலத்தில் நீலகிரியிலும் வளர்ந்த வாட்டில் மரத்தின் பட்டை ஆவாரையின் இடத்தைப் பிடித்தது.

● பரம்பரை நாற்காலியில் கை வைத்ததும் அந்தச் செம்பொடி ஒட்டுகிறதா? தண்ணீர் படவே கூடாது, பட்டால் அந்த இடம் கறுத்து இறுகிப்போகும். எண்ணெயும் கூடாது. செல்லுலோஸ் சார்ந்த ஒரு பொருளை ஆல்கஹாலில் கரைத்துப் பூசி உதிர்வதை நிறுத்துவார்கள், ஆனால் அது பழகிய கை செய்ய வேண்டிய வேலை. அதுவரை வண்டிப் புகை வராத அறையில் வையுங்கள்.

● இன்று நாம் உட்காரும் தோலில் பெரும்பகுதி குரோம் உப்பில் பதனிட்டது. பதனிட்டு வெளியே வரும்போது வெளிர்நீலமாக இருக்கும், ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்கு ‘வெட் ப்ளூ’ என்றால் புரியும். இந்த முறையைச் சென்னையில் பரப்பியவர் கலைப்பள்ளியின் தலைவராயிருந்த ஆல்பிரட் சாட்டர்டன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இதை முயன்றதற்கு ஒரு காரணம், கிணற்றில் கவலை இறைக்கும் தோல் சால் சீக்கிரம் மக்கிப்போனது.

● ஈரமான பச்சைத் தோல் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதுமே சுருண்டுவிடும். மரப்பட்டையில் பதனிட்டது ஏறக்குறைய 75 முதல் 85 வரை தாங்கும். குரோம் தோல் 100ஐயும் தாண்டும். மழையில் நனைந்த நாற்காலிக்கு ஹேர் டிரையர் காட்டுவதற்கு முன் இந்தக் கணக்கை நினையுங்கள். மின்விசிறிக் காற்று போதும்.

● ஐப்பசி, கார்த்திகையில் சோபாமேல் வெள்ளை படர்ந்தால் உடனே பூஞ்சை என்று முடிவு கட்டாதீர்கள். தோலுக்குள் இருக்கும் கொழுப்பே சில நேரம் மேலே வந்து வெள்ளையாகப் பூக்கும். தோல் காய்ந்திருக்கும்போது ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஓர் அடி தள்ளிப் பிடியுங்கள். உருகி மறைந்தால் கொழுப்பு. மறையாமல், துடைத்த துணியில் முடை நாற்றம் வந்தால் பூஞ்சை. ஈரத்துணியில் கரைந்து காய்ந்ததும் திரும்ப வந்தால் உப்பு. கொழுப்பென்றால் துடைத்துவிட்டு, எண்ணெய் தடவும் பழக்கத்தை நிறுத்துங்கள். பூஞ்சையென்றால் முகமூடி போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்கோ பால்கனிக்கோ கொண்டுபோய்த் துடைக்க வேண்டும். வீட்டுக்குள் தட்டினால் வித்து அடுத்த நாற்காலிக்குப் போகும். நிழலில் காற்றாட விட்டு, திரும்பக் கொண்டுவந்ததும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் பல நாள் நின்றால் பூஞ்சை மறுபடி வரும்.

● புது சோபாவின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமல் வருடக்கணக்கில் காப்பாற்றும் வீடுகள் உண்டு. உள்ளே அடைபடும் ஈரம் பூஞ்சைக்குப் போதும். கழற்றிவிடுங்கள்.

● புது ஜீன்ஸின் நீலச்சாயம் வெளிர்நிற சோபாவில் ஏறும். அன்றைக்கே துடைத்தால் போகும், பத்து நாள் விட்டால் தங்கிவிடும்.

● பால்பாயின்ட் கிறுக்கலை நெயில் பாலிஷ் ரிமூவரால் துடைத்தால் மையோடு நிறமும் கையோடு வந்துவிடும். அதிலுள்ள அசிட்டோன் மேல்பூச்சையே கரைக்கும்.

● அனிலின் தோலில் பட்ட நகக்கீறலை விரலால் சற்று நேரம் வட்டமாகத் தேய்த்தாலே பாதி மறையும். விரல் சூட்டில் தோலின் எண்ணெய் நகர்ந்து கீறலை மூடுகிறது. பூச்சுத் தோலில் இது பலிக்காது.

● வெளிறித் தேய்ந்த பூச்சுத் தோலுக்கு நிறம் ஏற்றும் வேலையில் முக்கால்வாசி நேரம் சுத்தம் செய்வதற்கே போக வேண்டும். தலை எண்ணெய் இறங்கிய இடத்தில் பிசுக்கு நீக்கியைப் பூசித் துடைத்து, மறுநாளும் ஒருமுறை துடைக்க வேண்டும். உள்ளே எண்ணெய் இருந்தால் மேலே அடிக்கும் நிறம் சில மாதங்களிலேயே உரியும். பிறகு 400 அல்லது 600 நம்பர் உப்புத்தாளால், அழுத்தாமல், பழைய பூச்சின் பிசிறுகளை மட்டும் தேய்த்தெடுங்கள். வெடிப்புகளில் வளையும் தன்மையுள்ள லெதர் ஃபில்லரைக் காகிதக் கனத்தில் பூசி, காயவிட்டு, மறுபடி பூசுங்கள். ஒரே தடவையில் அப்பினால் அது தனியாக வெடிக்கும். அடுத்து, நீர் கலந்த லெதர் நிறம். ஸ்பாஞ்சில் தொட்டுத் தொட்டு, மெல்லிய மூன்று நான்கு பூச்சு. கடைசியாக நிறம் கையில் வராமலிருக்க மேலே ஒரு காப்புப் பூச்சு. இரண்டு நாளாவது உட்காராதீர்கள். ஷூ பாலிஷால் இதைச் சமாளிக்க நினைத்தால், விருந்தாளியின் வெள்ளை வேட்டி சாட்சி சொல்லும்.

● கிழிசலுக்கு உடனடிப் பசை போட்டால் விளிம்பு கல்லாகி, பக்கத்தில் புதிதாகக் கிழியும். கிழிசலுக்குள் உறுதியான துணித் துண்டொன்றை நுழைத்து, அடியிலிருந்து வளையும் பசையால் ஒட்டி, பிறகே ஃபில்லர்.

● பளபளப்பு ஸ்பிரேக்களில் சிலிக்கோன் இருந்தால், பின்னாளில் எந்த நிறமும் அந்தத் தோலில் ஒட்டாது. இன்றைய மினுமினுப்புக்காக நாளைய ரிப்பேரை அடைக்காதீர்கள்.

● இருக்கை தொங்கிச் சுருக்கம் விழுந்தால் பழி தோல்மேல் போகும். பல நேரம் இளைத்திருப்பது உள்ளேயிருக்கும் ஃபோம். ஜிப் இருந்தால் கழற்றி, குஷன் கடையில் அளவு கொடுத்து அடர்த்தியான ஃபோம் போட்டு வாங்குங்கள்.

● ஒரு மாட்டுத்தோல் ஏறக்குறைய 50 சதுர அடி. மூன்று பேர் உட்காரும் சோபாவுக்கு ஒரு தோல் போதாது, தோலுக்குத் தோல் நிறம் சற்று மாறும். ஆகவே புதிதாக வாங்குவோர் கவனத்துக்கு: உள்ளங்கையகலத் தோல் துண்டு ஒன்றைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி, பில்லோடு சேர்த்து வையுங்கள். பின்னால் நிறம் சேர்க்கவும் கிழிசல் தைக்கவும் அதுதான் உதவும்.