ஒளிக்கு ஒரு சிறகு வலை

ஒளி போகும் வழி – 6

குருநகர்க் கரையில் ஏலம் கூறக் கொட்டும் சூடை மீனின் வெள்ளி மினுக்கத்துக்கு எந்தச் சாயமும் காரணமில்லை. அதன் தோலுக்குள் குவானின் என்னும் நிறமற்ற பொருள், மெல்லிய பளிங்குத் தகடுகளாக அடுக்கடுக்காக இருக்கிறது. தகடுகளுக்கு இடையே நீர்த்தன்மையான குழியவுரு. குவானினின் முறிவுச் சுட்டி ஏறத்தாழ 1.83, குழியவுருவுக்கு 1.33 அளவு. இரண்டும் சந்திக்கும் ஓர் எல்லையில் பட்டுத் திரும்பும் ஒளி நூற்றுக்கு மூன்று பங்குகூட வராது.

ஆனால் தகட்டின் தடிப்பும் இடைவெளியும், அவற்றுக்குள் ஓடும் ஒளியின் அலைநீளத்தில் காற்பங்காக அமைந்துவிட்டால், எல்லைதோறும் திரும்பும் சிற்றலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருகுகின்றன. பத்துச் சோடி அடுக்குக்குள் கிட்டத்தட்ட முழு ஒளியும் திரும்பிவிடும். 500 நனோமீற்றர் நீலப்பச்சை ஒளிக்கு 70 நனோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த தகடு போதும். அளவு ஒன்றாகவே இருந்தால் ஒரு நிறம்தான் தெரியும். மீனில் பல அளவுகள் கலந்திருப்பதால் எல்லா நிறமும் திரும்பி வெள்ளியாகிறது. அதனால் திறந்த கடலில் சுற்றியுள்ள வெளிச்சத்தோடு கலந்து, பெரிய மீன்களின் கண்ணுக்குத் தப்புகிறது.

மீனின் அடுக்கு ஒரு திசையில் மட்டும் ஒழுங்குள்ளது. முத்திசையிலும் அந்த ஒழுங்கு இருந்தால்? 1987-இல் இரண்டு பேர் தனித்தனியே இதைக் கேட்டார்கள். லேசர்களில் வீணாகும் ஒளியுமிழ்வை அடக்க நினைத்தவர் அமெரிக்காவின் ஏலி யப்லொனோவிச். ஒளியை ஓரிடத்தில் சிறைப்படுத்த வழி தேடியவர் கேரளத்தில் பிறந்த சஜீவ் ஜோன். தேவை வேறு, இருவரும் வந்து சேர்ந்த பொருள் ஒன்று: ஒளிப்பளிங்கு. அதற்குள் குறிப்பிட்ட அலைநீள ஒளி எத்திசையிலும் செல்ல முடியாது. 1991-இல் யப்லொனோவிச் குழுவினர் ஒரு திண்மத்தில் மூன்று சாய்வுகளில் வரிசையாகத் துளையிட்டு, நுண்ணலைகளுக்கு அப்படியொன்றைச் செய்தும் காட்டினார்கள்.

ஒளியை முழுவதும் தடுப்பதால் மட்டும் என்ன பயன்? யாழ்ப்பாணக் கடனீரேரியில் சிறகு வலை கட்டுபவர்களுக்கு விடை தெரியும். தடிகளை ஊன்றி வலையால் மறித்துக்கொண்டே போய், றாலுக்கு ஒரே ஒரு வழியை மட்டும் விடுவார்கள். ஒளிப்பளிங்கிலும் ஒரு வரிசைத் துளையை வேண்டுமென்றே போடாமல் விட்டால், தடைப்பட்ட ஒளி அந்த வரிசை வழியே மட்டும் ஓடும். சாதாரணக் கண்ணாடி இழையைக் கூர்மையாக வளைத்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். ஒளிப்பளிங்கிலோ செங்கோணத் திருப்பத்திலும் கிட்டத்தட்ட முழு ஒளியும் கடக்கும் என்று மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தினர் 1996-இல் கணித்தார்கள்.

வேகத்தையும் மாற்றலாம். 2005-இல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் சிலிக்கன் ஒளிப்பளிங்கு வழியொன்றில் ஒளித்துடிப்பை 300 மடங்குக்கு மேல் மெதுவாக்கினார்கள். பக்கத்தில் நுண்ணிய மின்சூடாக்கி ஒன்று. சூடு சிலிக்கனின் முறிவுச் சுட்டியை மாற்ற, ஒளியின் வேகமும் மாறியது.

இந்த மாற்றும் வித்தை கணவாயிடம் முன்பே உண்டு. சில ஊசிக்கணவாய் இனங்களில் நரம்பின் கட்டளை வந்ததும் தோலின் புரதத் தகடுகள் நீரை இழந்து மெலிகின்றன. திரும்பும் நிறம் சிவப்பிலிருந்து நீலத்தை நோக்கி நகர்கிறது. சிலிக்கனில் சூடு செய்த வேலையை அங்கே நீர் செய்கிறது. இரண்டிலும் ஒளி கீழ்ப்படிவது பொருளுக்கு மட்டுமல்ல, அதன் அடுக்குக்கும் அளவுக்கும்தான்.

அடுத்த வாரம்: சிப்பியின் உட்புற வானவில்லும் சி.வி. ராமனும்.

(தொடரும்)