கியர் அறிந்து ஓட்டினால் டீசலும் மிச்சம், உயிருக்கும் பாதுகாப்பு

சரக்கு ஏற்றும் பிக்கப் வண்டிகள் சிலவற்றில் இப்போது தானியங்கி கியர் பெட்டி பொருத்தப்படுகிறது. வண்டியின் வேகம் எவ்வளவு, ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது என்ற இரண்டையும் கொண்டு, எந்தக் கியர் தேவை என்பதை அதுவே முடிவு செய்கிறது. சுமை குறைவாக இருந்தால் விரைவில் மேல் கியருக்குப் போகிறது. சுமை கூடினால் கீழ் கியரிலேயே நின்று இழுக்கிறது. பாரம் இழுப்பதற்கெனத் தனிப் பொத்தான் உள்ள வண்டிகள், இறக்கத்தில் கீழ் கியருக்கு மாறி எஞ்சினையே பிரேக்காகப் பயன்படுத்துகின்றன.

நம் வயல்களில் ஓடும் டிராக்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வசதி இல்லை. 35 முதல் 50 எச்.பி. வரையுள்ள டிராக்டர்களில் பொதுவாக முன்செல்ல 8 கியர்களும், பின்செல்ல 2 கியர்களும் உள்ளன. இவற்றில் எதைப் போடுவது என்பதை ஓட்டுபவரே தீர்மானிக்க வேண்டும். எல்லா வேலைக்கும் ஒரே கியர், முழு ஆக்சிலரேட்டர் என்று ஓட்டினால் டீசல் வீணாகும்.

இலேசான வேலைக்கு மேல் கியர்

விதைப்பு, பரம்படித்தல், காலி டிரெய்லர் இழுத்தல் போன்ற வேலைகளுக்கு எஞ்சினின் முழுச் சக்தி தேவையில்லை. எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது, உள்ளே உராய்வை வெல்வதற்கும் விசிறி, பம்பு ஆகியவற்றைச் சுழற்றுவதற்குமே டீசலில் ஒரு பங்கு செலவாகிவிடும். ஆகவே ஒரு கியர் மேலே போட்டு, கை ஆக்சிலரேட்டரைக் குறைத்து, அதே வேகத்தில் ஓட்டுவது சிக்கனம்.

ஆனால் எஞ்சின் திணறக்கூடாது. ஆக்சிலரேட்டரைச் சற்றுக் கூட்டிப் பாருங்கள். எஞ்சின் உடனே வேகம் எடுத்தால் அந்தக் கியர் சரியானது. வேகம் எடுக்காமல் கரும்புகை தள்ளினால் ஒரு கியர் கீழே இறக்குங்கள்.

ரோட்டவேட்டருக்கு இது பொருந்தாது

பி.டி.ஓ. தண்டினால் இயங்கும் கருவிகளுக்கு எஞ்சின் வேகத்தை விருப்பம்போல் குறைக்கக் கூடாது. தண்டு நிமிடத்திற்கு 540 சுற்று சுழல்வதற்கான குறியில் ஆக்சிலரேட்டரை வைத்துவிட்டு, முன்செல்லும் வேகத்தைக் கியரால் மட்டுமே மாற்ற வேண்டும். கீழ் கியரில் மெதுவாகச் சென்றால் மண் பொடியாகும். வேகமாகச் சென்றால் கட்டி நிற்கும்.

வேகத்தை அறிவது எளிது. வயலில் 20 மீட்டர் இடைவெளியில் இரு குச்சிகளை நடுங்கள். அந்தத் தூரத்தைக் கடக்க 24 விநாடி ஆனால் மணிக்கு 3 கி.மீ. வேகம். 18 விநாடி ஆனால் 4 கி.மீ. வேகம்.

திணறலா, நழுவலா?

உழவின்போது இழுவை போதவில்லை என்றால் காரணத்தை முதலில் அறிய வேண்டும். எஞ்சின் சத்தம் அமுங்கிப் புகை வந்தால், கீழ் கியர் போட வேண்டும். எஞ்சின் நன்றாக ஓடி, சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றினால் கியரை மாற்றிப் பயனில்லை. ஆக்சிலரேட்டரைக் கூட்டினால் டயர்தான் தேயும்.

நழுவலை அளக்க, பின் சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு குறி இடுங்கள். கலப்பையைத் தூக்கிய நிலையில் சக்கரம் 10 சுற்று சுற்றும்போது கடக்கும் தூரத்தை அளந்து, பின் உழுதுகொண்டே 10 சுற்றுக்கு அளங்கள். முதலில் 40 மீட்டர், அடுத்து 34 மீட்டர் என்றால் நழுவல் 15 சதம். புன்செய் உழவில் இதற்கு மேல் போனால் உழவு ஆழத்தைக் குறைக்கலாம், அல்லது பின் சக்கரங்களுக்கு எடை கூட்டலாம். சேற்றில் நழுவல் இயல்பாகவே அதிகம். அங்கே கேஜ் வீல் பூட்டுவது நல்லது.

இறக்கத்தில் நியூட்ரல் கூடாது

கரும்பு ஏற்றிய டிரெய்லருடன் ஏரிக்கரையிலிருந்தோ பாலத்திலிருந்தோ இறங்கும்போது, டீசலை மிச்சம் பிடிக்கச் சிலர் நியூட்ரலில் விடுகின்றனர். சில துளி டீசலுக்காக உயிரைப் பணயம் வைக்கும் செயல் இது. எஞ்சினின் பிடி விட்டுப்போனதும் பின்னாலுள்ள பாரம் டிராக்டரைத் தள்ளும். வேகம் கூடியபின் மீண்டும் கியர் விழாது. பிரேக்கை அழுத்தினால் டிரெய்லர் பக்கவாட்டில் மடங்கி டிராக்டரைக் கவிழ்த்துவிடும்.

மேட்டில் ஏறுவதற்குத் தேவைப்படும் கியரிலேயே இறங்க வேண்டும். அந்தக் கியரையும் இறக்கம் தொடங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். நடுவில் கிளட்சை மிதிக்கக் கூடாது. சாலைக்கு வருமுன் இடது, வலது பிரேக் பெடல்களைக் கொக்கியால் இணைத்துவிட வேண்டும். இணைக்காமல் ஒரு பெடலை மட்டும் மிதித்தால் டிராக்டர் ஒரு பக்கம் திரும்பிவிடும்.

கிளட்ச் பெடலின் மேல் காலை வைத்தபடி ஓட்டும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். இதனால் கிளட்ச் தகடு விரைவில் தேயும். கியர் பெட்டி எண்ணெயின் அளவை அவ்வப்போது பார்த்து, கையேட்டில் கூறியுள்ள மணி நேரத்தில் மாற்றி வாருங்கள்.

வாடகைக்கு டிராக்டர் எடுப்போரும், ஓட்டுநரை வைத்து ஓட்டுவோரும் இவற்றை ஓட்டுநரிடம் எடுத்துச் சொல்லலாம். வரும் உழவிலேயே சுண்ணாம்புக் குறியையும் இரு குச்சிகளையும் வைத்து உங்கள் டிராக்டரைச் சோதித்துப் பாருங்கள்.